அசையாமல் உட்கார்ந்திருந்த மகன்

மகிழன் போய்ச் சேர்ந்த நேரம் அவன் அம்மா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். இப்போதுதான் ஆரம்பித்தார்கள், முடிய ஏழெட்டு நிமிடம் ஆகும், போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றார் பணியாளர் சோணைமுத்து. குடித்துவிட்டு வந்தபோது வாய் பாதிதான் மூடியிருந்தது.

அழகர்கோயில் சாலையில் இருந்த ‘நிதானம்’ முதியோர் இல்லத்தில் எதற்கும் அவசரம் கிடையாது. வரிசையாகக் கண்ணாடி அறைகள். அரசாங்க ஆணையில் அவற்றின் பெயர் காலத்தணிப்புக் கூடம். மதுரைக்காரர்களுக்கு ஆமைக்கூடு. உள்ளே படுத்திருப்பவரின் மூச்சு, நாடி, பசி, நினைப்பு எல்லாம் நூறில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும். வெளியே நூறு நாள் கழிந்தால் உள்ளே ஒரு நாள். உள்ளே இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. வெளியே இருக்கும் நாம்தான் அவர்கள் கண்ணுக்கு ஈசல் மாதிரிப் பறந்து மறைவோம்.

நூறு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடும் ஒரு குளியலும் என்றால் கட்டணமும் நூறில் ஒரு பங்காகத்தானே இருக்க வேண்டும்? பத்தில் ஒரு பங்கு என்றார்கள். மீதிக்கு என்ன கணக்கு என்று மகிழன் கேட்டான். மின்சாரம் என்றார்கள்.

அவன் பேரம் பேசும் நிலையில் இல்லை. ரேஷன் கடையில் முப்பது வருடம் அரிசி அளந்து, அந்தத் தூசியையெல்லாம் நுரையீரலில் வரவு வைத்துக்கொண்டவள் பவித்ரா. எண்பது வயதில் அவளுக்கு இருபத்துநாலு மணி நேரமும் மூச்சு இயந்திரமும் ஆளும் தேவைப்பட்டன. மகிழனின் வீடு அவனுடைய பிளெக்ஸ் அச்சுக் கடைக்கு மேல் மாடி. நல்ல நுரையீரல்காரர்களே அங்கே மை வாசனையில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படியேறுவார்கள். அதனால் இல்லம். முதலில் சாதாரணப் பிரிவில்தான் சேர்த்தான். அம்மாவின் சேமிப்பு ஒரு வருடம் தாங்கியது. செல்லூர் வீட்டை விற்ற பணம் இன்னொரு வருடம். பிறகு அவனுடைய சேமிப்பைத் தொட்டான். அது அந்த மாதமே தீர்ந்துவிட்டது என்பதை அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஐம்பத்துநான்கு வயது மனிதனின் மொத்தச் சேமிப்பு ஒரு தாயாரின் முப்பது நாள் என்று தெரிந்தால் கல்யாணத் தரகர்கள் கூட மதிக்கமாட்டார்கள்.

ஆமைக்கூட்டைப் பற்றி அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் கேட்டது ஒன்றுதான்.

“எவ்வளவு மிச்சமாகும்?”

சொன்னான்.

“அப்பப் போடு.”

கூட்டில் ஒரு சங்கடம் இருந்தது. உள்ளே இருப்பவரின் கண்ணில் பட வேண்டுமென்றால் வெளியே வந்தவர் கண்ணாடிக்கு எதிரே நாற்காலியில் அசையாமல் உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அம்மாவுக்கு அது அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல். மூக்கைச் சொறிந்தால் முகம் கலங்கிவிடும். பேசுவதற்குக் குரல்நீட்டி என்றொரு கருவி இருந்தது. நாம் சொல்வதை அது நூறு மடங்கு இழுத்து உள்ளே அனுப்பும். அவர்கள் சொல்வதைச் சுருக்கி நமக்குத் தரும். ‘எப்படிம்மா இருக்க’ என்று கேட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் வரலாம்.

மகிழன் ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலையிலிருந்து மாலை வரை சிலை மாதிரி உட்கார்ந்தான். முதுகு பிடித்தது. ஈ மொய்த்தது. கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் அம்மா பார்வைக்கு அவன் மாயமாகி, மறுபடி தோன்றுவான். போதாக்குறைக்கு, பிளெக்ஸ் கடைக்கு ஞாயிறுதான் அறுவடை நாள். கல்யாணம், காதுகுத்து, மாநாடு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அன்றைக்குத்தான் வந்து நிற்கும். அம்மாவைப் பார்த்தால் கட்டணம் கட்ட முடியாது. கட்டணம் கட்டினால் அம்மாவைப் பார்க்க முடியாது.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஊரில் இருக்கிற தலைவர்களையெல்லாம் நாற்பதடி உயரத்துக்கு நிறுத்திய மனிதன், தன்னை நான்கடியில் உட்கார வைக்க முடியாதா? நீலச் சட்டை போட்டு, முழங்காலில் கை வைத்து, சிரித்த முகமாக நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்தான். தொப்பையை மட்டும் கொஞ்சம் குறைத்தான், தொழில் பழக்கம். அச்சடித்துக் கனத்த அட்டையில் ஒட்டி, ஓரம் வெட்டி, கொண்டுபோய் நாற்காலியில் பொருத்தினான். அவன் செய்த கட்அவுட்டுகளிலேயே யாரும் பாலூற்றாத கட்அவுட் அதுதான்.

அம்மாவிடமிருந்து புகார் வரவில்லை. அடுத்த கூட்டுக்காரர்கள் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. ஒரே வருடத்தில் பார்வையாளர் கூடம் முழுக்க அட்டைப் பிள்ளைகள்: கோட்டுப் போட்ட மகன்கள், பட்டுப்புடவை மகள்கள், துபாயிலிருந்து படம் அனுப்பி அச்சடிக்கச் சொன்ன மருமகன்கள். எல்லோரும் சிரித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் மகிழன் கடை வேலை. இல்லமும் சும்மா இருக்கவில்லை. நிரந்தரமாக உட்காருகிறவர்களுக்கு நாற்காலி வாடகை போட்டது.

இது இப்படியே போயிருக்கும், ஆயுத பூஜை வராமல் இருந்திருந்தால்.

சோணைமுத்து பக்தியுள்ள மனிதர். பூஜைக்கு இல்லத்து இயந்திரங்கள் ஒவ்வொன்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். மூச்சு இயந்திரம், ஜெனரேட்டர், சாப்பாட்டு வண்டி, குரல்நீட்டி எதையும் விடவில்லை. கையில் செவ்வந்தி மாலை மிஞ்சியது. பார்வையாளர் கூடத்தைப் பார்த்தார். நாங்களாவது லீவு எடுக்கிறோம், இவர்கள் ஒரு நாள் லீவு எடுத்ததுண்டா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு அட்டைப் பிள்ளைக்கும் நெற்றியில் பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டு ஊருக்குப் போனார். அந்த முறை சனி ஞாயிறும் சேர்ந்து நான்கு நாள் விடுமுறை. மாலைகள் அப்படியே கிடந்து காய்ந்தன.

நான்கு நாள் என்றால் உள்ளே ஒரு மணி நேரம். பவித்ரா அந்த ஒரு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து மேலாளர் ஹெலன் மகிழனைக் கூப்பிட்டு, குரல்நீட்டியில் வந்திருந்த சேதியைப் போட்டுக் காட்டினார். சுருக்கிய குரல் கொஞ்சம் தகரமாக இருந்தாலும் அம்மாதான்.

“என்னைய வெளிய எடுத்துருங்க தாயி. மாலை போட்டாச்சு. இனி யாருக்காக நான் மெதுவா மூச்சு விடணும்?”

மகிழன் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் விஷயம் புரிந்து, அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். கண்ணாடிக்கு அந்தப்புறம் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

உடனே குரல்நீட்டியில் பேசினான். நான் உயிரோடுதான் இருக்கிறேன், அது பூஜை மாலை, சோணைமுத்து செய்த கூத்து என்று விளக்கினான். பதில் மறுநாள் வந்தது.

“கேட்டேன். செத்தவன் கைரேகையை வச்சே அரிசி வாங்கிட்டுப் போன ஊரு இது. குரலு என்ன பெரிய விஷயம்?”

அதற்குப் பிறகு அவள் தூங்கிவிட்டாள்.

ஹெலன் விதியைச் சொன்னார். வெளியே எடுக்கச் சொல்லி உள்ளே இருப்பவர் கேட்டால், தூங்கி எழுந்த பிறகு இன்னொரு முறை கேட்பார்கள். அப்போதும் அதையே சொன்னால் எடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் தடுக்க முடியாது. அந்த வயதில் ஒரு தடவை வெளியே வந்த உடம்பு மறுபடி தணிப்பைத் தாங்காது. அதன் பிறகு சாதாரணப் பிரிவு, முழுக் கட்டணம். ஹெலன் அந்தத் தொகையைச் சொல்லவில்லை. மகிழனுக்கு அது மனப்பாடம். எத்தனை நாள் கட்ட முடியும் என்பதும் தெரியும். அதன் பிறகு மூச்சு இயந்திரத்தை யார் தருவார்கள் என்பது மட்டும் தெரியாது.

அம்மாவின் இரவு வெளியே ஒரு மாதத்துக்குச் சற்று மேல். அந்த ஒரு மாதமும் அவன் நாற்காலியில் தானே உட்கார்ந்து பார்த்தான். அம்மா புரளவில்லை. முதுகுக்கு எதிரே எத்தனை மணி நேரம் உயிரோடு உட்கார்ந்தாலும் பிரயோஜனம் இல்லை.

கடைசியில் ஹெலனே வழி சொன்னார். கூட்டுக்குள் விருந்தினர் படுக்கை ஒன்று உண்டு. அம்மா விழிக்கும் நேரம் பார்த்து அவன் உள்ளே போகலாம். சனி காலை போனால் திங்கள் காலை எடுத்துவிடுவார்கள். உள்ளே கணக்குப்படி அரை மணிக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் எடுக்க முடியாது.

மகள் நறுமுகையிடம் சொன்னபோது அவள் கடையில் ஒரு மாநாட்டுக் கட்அவுட்டின் மீசையைத் திருத்திக்கொண்டிருந்தாள். படிப்புக்கு எடுத்து வைத்த பணத்தைப் பாட்டிக்காகக் கடன் கேட்டு வாங்கிய அன்றிலிருந்து அவள்தான் பாதிக் கடை.

“பயமா இருக்காப்பா?”

“எனக்கென்ன பயம்? ரெண்டு நாள் படுத்துத் தூங்கறதுக்குக் காசு வேற கட்டியிருக்கேன்.”

“நான் வந்து எதுக்க உக்காந்திருக்கேன். கண்ணைத் திறந்தா நான் தெரிவேன், சரியா?”

மாநாட்டு வேலை என்ன ஆகும் என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை. அவள் வருகிறேன் என்று சொன்னது பிடித்திருந்தது. கிளம்பும்போது சோணைமுத்துவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தான்: அண்ணே, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், நாங்கள் உள்ளே இருக்கும்போது யாருக்கும் மாலை போட்டுவிடாதீர்கள். சோணைமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

*

தணிப்பு பிடித்த கணத்தில் காதில் ஒரு ரீங்காரம் எழுந்து அடங்கியது. வேறொன்றும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே உலகம்தான் பைத்தியம் பிடித்து ஓடியது. செவிலியர்கள் வெள்ளைக் கோடுகளாகப் போனார்கள். ஜன்னல் வெயில் தரையில் கண்ணுக்குத் தெரிய நகர்ந்தது. அதன் நடுவே நாற்காலியில் பச்சைச் சுடிதாரில் நறுமுகை சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிடம் கழித்து ஒரு தடவை கலங்கினாள், தும்மியிருப்பாள். பிறகு திடமாகத் தெரிந்தாள். அப்பனுக்கு வாய்க்காத பொறுமை பிள்ளைக்கு வாய்த்திருக்கிறது.

அம்மா விழித்திருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டுதான்.

“அம்மா.”

“நிறுத்திட்டுப் போங்கய்யா. வெளிய எடுக்கச் சொல்லி நேத்தே கேட்டுட்டேன்.”

எழுந்து போய்த் தோளைத் தொட்டான். அவள் திரும்பினாள். அழவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தாள். ரேஷன் கார்டோடு ஆளை ஒப்பிட்டுப் பார்க்கிற அதே பார்வை.

“கட்டை விரலைக் காட்டு.”

காட்டினான். பத்தொன்பது வயதில் பிளெக்ஸ் வெட்டும் கத்தி கிழித்த தழும்பு குறுக்கே இருந்தது. அதைத் தன் விரலால் ஒரு முறை தடவினாள். சந்தேகம் தீராமல் இன்னொரு முறை அழுத்தினாள். பிறகு அந்தக் கையை விடவே இல்லை.

“இளைச்சுட்ட.”

“மூணு வருசமாச்சும்மா.”

“எனக்குப் பத்துப் பதினோரு நாள்தாண்டா.”

அந்தப் படம் அட்டை என்பதைச் சொல்லிவிடலாம் என்று மகிழன் ஆரம்பித்தான். கடை, ஞாயிற்றுக்கிழமை, கட்டணம் என்று சுற்றி வளைத்தான். அம்மா பாதியில் நிறுத்தினாள்.

“அது படம்னு அன்னைக்கே தெரியும்டா.”

“எப்படி?”

“ராத்திரியிலயும் சிரிச்சிட்டே இருந்தியே. மனுசன் ராத்திரி முச்சூடுமா சிரிப்பான்? தொப்பையை வேற காணோம்.”

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“படமா இருந்தா என்ன. உம் மொகம்தான. நாலு வார்த்தை பேசிட்டுக் கெடந்தேன். மாலையப் பாத்ததும்தான்... உம் பொண்டாட்டி செத்தப்ப அவ படத்தை நீதான அச்சடிச்சு, நீயே மாலை போட்ட. அதே மாதிரி சிரிப்பு.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “நீயே போனப்பறம் எனக்கு எதுக்குக் காசு கட்டணும்? மிச்சம் இருக்கறது பேத்திக்காச்சும் ஆகட்டுமேன்னுதான் எடுக்கச் சொன்னேன்.”

மிச்சம் ஒன்றும் இல்லை என்பதை அவன் சொல்லவில்லை. திரும்பக் கேட்பார்கள், இருக்கிறேன் என்று சொல்லிவிடு என்றான்.

“இருக்கேன். நீ இருக்கயில நான் எங்க போறேன்.” பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, “அந்தப் படத்தை எடுத்துறாத. அது பாட்டுக்கு இருக்கட்டும். சட்டைதான் வெளுத்துப் போச்சு, புதுசா ஒண்ணு அடிச்சு வையி. இந்த மொகத்தோட. இளைச்ச மொகத்தோட.”

மகிழன் சிரித்தான். இந்த முறை அதை வைக்க இடம் இருந்தது. கட்டணம் இனியும் கட்ட முடியும், அம்மா இருப்பாள், திங்கள்கிழமை போனதும் புதுப் படத்தை அச்சடித்துவிடலாம் என்று மனசு லேசாகி, கண்ணாடிப் பக்கம் கை காட்டினான்.

“அங்க பாரும்மா. உம் பேத்தி. எனக்காக வந்து உக்காந்திருக்கா.”

அம்மா பார்த்தாள். வெயில் சுவரேறி, சிவந்து, அணைந்துகொண்டிருந்தது. கூடத்து விளக்குகள் ஒரு சிமிட்டலில் எரிந்து, ஒரு சிமிட்டலில் பாதியாகக் குறைந்தன. இரவு வந்துவிட்டது. அட்டை மகன்களும் அட்டை மகள்களும் வரிசையாக இருட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வரிசையில் பச்சைச் சுடிதாரும் சிரித்தது. ஒரு பல்லி அதன் தோளில் தோன்றியது, நெற்றியில் தோன்றியது, காணாமல் போனது.

மகிழன் கையை இறக்கினான். காலையில் அவள் வந்தது நிஜம். அவள் கலங்கியது தும்மல் இல்லை, எழுந்து அட்டையை வைத்த நேரம். ஓரம் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. முடிப்பிசிறுகளைக் கூட விடாமல் வெட்டியிருந்தாள். அவன் சொல்லிக்கொடுத்த வேலை.

“நல்ல பொறுமைசாலிப் பிள்ளை,” என்றாள் அம்மா. அவன் முகத்தைப் பார்க்காமல், “கண்ணு கூசுது, அந்தத் திரைச்சீலையை இழுத்து விடு,” என்றாள்.

வெளியே அப்படிக் கூசுகிற வெளிச்சம் எதுவும் இல்லை. எழுந்து போய்த் திரையைப் பிடித்தான். கோபம் வருமென்று நினைத்தான், வரவில்லை. மாநாடு ஞாயிற்றுக்கிழமை. கட்டணம் பத்தாம் தேதி. அவள் வேறு என்ன செய்வாள்?

அப்போது கூடத்தில் விளக்குகள் முளைத்தன. ஒவ்வொரு நாற்காலிக்குக் கீழேயும் ஓர் அகல்விளக்கு. சாம்பல் நிற நிழலாகச் சோணைமுத்து வரிசை நெடுகப் போய் முடித்திருந்தார். மாலை வேண்டாம் என்று சொன்னதை அவர் மீறவில்லை. வரிசையின் ஓரத்தில் சிரித்த முகமாக இருந்த நறுமுகையின் படத்துக்கு முன்னாலும் ஒரு விளக்கு நின்று எரிந்தது.

மகிழன் திரையை இழுக்க மறந்து நின்றான். மாநாட்டுக் கட்அவுட்டுக்குக் கட்டிய சாரம் நினைவுக்கு வந்தது. நாற்பதடி. வழக்கமாக ஏறுகிறவன் அவன். இன்றைக்கு அவளைத் தவிர ஆளில்லை.

“விளக்கு எதுக்குடா?” என்றாள் அம்மா.

“கார்த்திகைம்மா. இன்னைக்குக் கார்த்திகை தீபம்.”

“நல்லாத் தெரியுமா?”

தெரியும். காலண்டரில் பார்த்திருக்கிறான். தீபத்துக்குக் கோயில் வாசலில் வைக்கிற பிளெக்ஸைப் போன வாரம் அவனேதான் அச்சடித்தான். அப்படியும் கண் மகளின் விளக்கை விட்டு நகரவில்லை. விளக்குகள் ஒரு நிமிடம் எரிந்து ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியாக அணைந்தது மகளுடையது.

அம்மா கையை நீட்டினாள். அவன் வந்து உட்கார்ந்து, விரலைக் கொடுத்து, கண்ணாடியைப் பார்த்தான். யாராவது வந்து அந்த நாற்காலியில் ஒரு தடவை அசைந்தால் போதும். திங்கள் காலைக்கு இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது.